கடலோரப் படங்களில் அடிவானம் ஏன் வளைகிறது? பத்து ஃபெரிங்கியில் எடுத்த இரண்டு படங்கள்

பூங்கா டீச்சர்

வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் குடும்பத்தோடு பத்து ஃபெரிங்கி போயிருக்கிறான். அப்பாவின் ஆக்‌ஷன் கேமராவில் கடலை எடுத்து, வகுப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இரண்டு படம் போட்டான். ஒரே இடம், ஒரே கேமரா, அடுத்தடுத்து எடுத்தவை. முதல் படத்தில் கடல் கோடு நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிகிறது. அடுத்ததில் நடுவில் தொய்ந்து இரு பக்கமும் ஏறுகிறது.

"உலகம் உருண்டை, அதனால் வளைகிறது என்றால், இரண்டாவது படத்தில் உலகம் எப்படி டீச்சர் குழியாச்சு?" என்று கேட்டான்.

"அது லென்ஸ் செய்யும் வேலை" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டது சரியான கேள்வி. ஒன்று மேலே வளைவதற்கும் ஒன்று கீழே வளைவதற்கும் என்ன காரணம்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஏதாவது வழி உண்டா? இங்கே புகைப்படக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

---

இருபத்துநாலு மி.மீ.

டீச்சர், அந்த இரண்டு படத்தையும் மறுபடி திறந்து, கடல் கோடு சட்டத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன். முதல் படத்தில் கேமரா மணலைப் பார்த்துக் குனிந்திருக்கும், கோடு மேல்பாதியில் இருக்கும். இரண்டாவதில் கேமரா வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும், கோடு கீழ்ப்பாதியில் இருக்கும்.

காரணம் இதுதான். அகலக் கோண லென்ஸ் பெரும்பாலானவற்றில் படத்தின் மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக உருப்பெருக்கம் குறையும். மூலையில் விழவேண்டிய புள்ளி, விழவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் உள்ளே, மையத்தின் பக்கமாக விழும். இதற்குத்தான் பேரல் டிஸ்டார்ஷன் என்று பெயர். இப்போது கடல் கோட்டைப் படத்தின் மேல்பாதியில் வையுங்கள். கோட்டின் நடுப்பகுதி மையத்துக்குக் கிட்டே இருக்கிறது, இரண்டு முனையும் தூரத்தில் இருக்கின்றன. தூரத்தில் இருக்கும் முனைகள்தான் அதிகமாக உள்ளே இழுபடும். மேல்பாதியில் 'உள்ளே' என்றால் கீழ்ப்பக்கம். முனைகள் இறங்க, நடு உயர்ந்து தெரியும். கோடு கீழ்ப்பாதியில் இருந்தால் 'உள்ளே' என்பது மேல்பக்கம். முனைகள் ஏற, நடு தொய்ந்துவிடும்.

சரி, கோடு மையத்தின் வழியாகவே போனால்? அப்போதும் ஒவ்வொரு புள்ளியும் உள்ளே நகரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோட்டின் மேலேயே நகரும். அதனால் கோடு நேராகவே இருக்கும். மிக அகலமாக எடுக்கும் மீன்கண் லென்ஸில்கூட இது மாறாது.

பிள்ளைகளைக் கேமராவைக் கையில் பிடித்துக் காணொளி ஓடவிட்டு, மெதுவாகக் குனிந்து நிமிரச் சொல்லுங்கள். கடல் கோடு மேலே போகும்போது ஒரு பக்கம் வளையும், நடுவைத் தாண்டும் கணத்தில் நேராகும், கீழே போகும்போது மறுபக்கம் வளையும். கடல் அங்கேயேதான் இருக்கிறது, மாறியது கேமராவின் கோணம் மட்டும். இதற்குக் கடற்கரைகூட வேண்டாம், வகுப்பறைக் கரும்பலகையின் விளிம்பே போதும்.

---

பூங்கா டீச்சர்

பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. முதல் படத்தில் பாதிக்கு மேல் மணல், அடுத்ததில் பாதிக்கு மேல் மேகம்.

---

பட்டர்வொர்த் பையன்

அண்ணே, அப்படியென்றால் விண்வெளிக்குப் பக்கத்தில் பலூனில் போய் எடுத்த காணொளி எல்லாம்? 2012-இல் பெலிக்ஸ் பாம்கார்ட்னர் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தபோது உலகம் பந்து மாதிரி வளைந்து தெரிந்ததே. பள்ளிக்கூடங்களில் பலூனில் கேமரா கட்டி விடுகிறார்களே, அதில் வளைவு ஒரு நொடி இப்படி, ஒரு நொடி அப்படி மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். அது எல்லாமே லென்ஸ்தானா? அப்போ உண்மையான வளைவு எது?

---

இருபத்துநாலு மி.மீ.

தம்பி, இரண்டு வளைவு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. ஒன்று உலகத்தினுடையது, மற்றது லென்ஸினுடையது. 39 கிலோமீட்டரில் உலகத்தின் பங்கு நிச்சயம் உண்டு, லென்ஸ் அதைக் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். பலூனில் தொங்கும் கேமரா ஆடிக்கொண்டே இருப்பதால் கடல் கோடு சட்டத்தில் மேலும் கீழும் போய்வருகிறது, வளைவும் அதோடு சேர்ந்து மாறுகிறது. ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உலகத்தின் வளைவு எப்போதும் நடு உயர்ந்துதான் இருக்கும், ஒருநாளும் தொய்யாது. தொய்ந்து தெரியும் இடத்தில் லென்ஸின் பங்கு உலகத்தின் பங்கை மிஞ்சிவிட்டது என்று பொருள்.

நல்ல லென்ஸால் எடுத்த பழைய சான்றும் இருக்கிறது. 1935 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் 2 என்ற பலூனில் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸும் ஆர்வில் ஆண்டர்சனும் 22 கிலோமீட்டர் உயரம் போய், உலகத்தின் வளைவு தெரியும் படத்தோடு இறங்கினார்கள். ஆக்‌ஷன் கேமரா வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்திய சங்கதி.

---

பழைய சர்வேயர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நில அளவைதான் தொழில், ஓய்வு பெற்றுவிட்டேன். எவ்வளவு வளைவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் நிற்கிறோம், கண் கடல் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது என்று வைப்போம். அடிவானத்தின் தூரத்துக்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 2 மீட்டருக்குச் சுமார் 5 கிலோமீட்டர். நாம் பார்க்கும் கடல் கோடு உண்மையில் நம்மைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தில் இருக்கும் ஒரு வட்டம். அந்த வட்டம் நம் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. எவ்வளவு கீழே? 0.045 டிகிரி, அவ்வளவுதான். அந்த இறக்கம் இருப்பதால்தான் படத்தில் வளைவே வருகிறது. இறக்கம் சுத்தமாக இல்லையென்றால், வட்டம் கண் மட்டத்திலேயே இருக்கும், நல்ல லென்ஸில் நேர்கோடாகத்தான் விழும்.

பினாங்கின் கொடிமலையில் மேல் ரயில் நிலையம் இருக்கும் பக்கம் 700 மீட்டர் என்று கொள்ளலாம். அங்கிருந்து அடிவானம் 94 கிலோமீட்டர் தள்ளி, இறக்கம் 0.85 டிகிரி. பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீட்டரில் இறக்கம் 3.4 டிகிரி. காற்று ஒளியை லேசாக வளைப்பதால் நடைமுறையில் இவை சற்றுக் குறையும். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

இதைப் படத்துக்குக் கொண்டுவருவோம். வளைவே இல்லாத ஓர் இலட்சிய 24 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா (சென்சார் அகலம் 36 மி.மீ.), படத்தின் அகலம் 4000 பிக்சல், கேமரா மட்டமாக இருக்கிறது. கோட்டின் நடுவுக்கும் முனைக்கும் உள்ள உயர வித்தியாசம் கடற்கரையில் அரை பிக்சல். கொடிமலையில் 10 பிக்சல். விமானத்தில் ஏறக்குறைய 40 பிக்சல்.

அதே சட்டத்தில் லென்ஸின் பங்கைப் பாருங்கள். மூலையில் 3 விழுக்காடு பேரல் டிஸ்டார்ஷன் உள்ள லென்ஸை எடுத்துக்கொள்வோம். ஜூம் லென்ஸின் அகல முனையில் இது சாதாரணம். கடல் கோடு மையத்துக்கு 1000 பிக்சல் மேலே இருந்தால் 20 பிக்சல் வளைவு லென்ஸாலேயே வந்துவிடும். கொடிமலையின் உண்மையான வளைவைப்போல இரு மடங்கு! ஆக்‌ஷன் கேமராவில் 120 டிகிரி அகலம் வைத்து, 20 டிகிரி குனிந்து எடுத்தால் 200 பிக்சலையும் தாண்டும்.

பத்து ஃபெரிங்கி மணலில் நின்று எடுத்த படத்தில் உலகத்தின் பங்கு அரை பிக்சல், கேமராவின் பங்கு 200 பிக்சல். அந்தப் பையனின் இரண்டு படத்திலும் உலகத்தைத் தேடவே வேண்டாம்.

---

ஆயர் ஈத்தாம் அக்கா

சர்வேயர் ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி.

என் கேள்வி வேறு. இவ்வளவு வளைக்கிற லென்ஸை ஏன் செய்து விற்கிறார்கள்? அதே கேமராவில் 'லீனியர்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கடல் நேராகிவிடுகிறது. அதையே எப்போதும் போட்டு வைத்தால் என்ன? ஆனால் ஒன்று கவனித்தேன். சியூ ஜெட்டியில் மரப் பலகைப் பாதையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அகலமாக எடுத்தபோது, கடல் நேராக வந்தது, ஓரத்தில் நின்ற என் நாத்தனார் முகம் மட்டும் அகன்றுபோய்விட்டது. நடுவில் நின்றவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

---

இருபத்துநாலு மி.மீ.

அக்கா, உங்கள் நாத்தனாரின் முகமும் டீச்சரின் கடல் கோடும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள்.

நம்மைச் சுற்றியிருக்கும் காட்சி எல்லாத் திசையிலும் பரவியிருக்கிறது. அதைத் தட்டையான சென்சாரில் கொண்டுவந்து படிய வைக்க வேண்டும். நேர்கோடு நேர்கோடாகவே விழவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கு ஒரே ஒரு விதிதான்: மையத்திலிருந்து ஒரு புள்ளி விழும் தூரம், குவியத் தூரத்தை, அந்தப் புள்ளி மையத் திசையிலிருந்து விலகியிருக்கும் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கிய அளவாக இருக்க வேண்டும். 45 டிகிரியில் டேன்ஜென்ட் 1. 60 டிகிரியில் 1.73. 80 டிகிரியில் 5.67. 90 டிகிரியில் முடிவிலி. பக்கத்தில் போகப் போகப் படம் எப்படி இழுபடுகிறது பாருங்கள். ரொட்டி சானாய் வீசும்போது நடுவைவிட ஓரம் அதிகமாக இழுபட்டு அகலுமே, அந்த ஓரத்தில்தான் உங்கள் நாத்தனார் நின்றிருக்கிறார். 180 டிகிரியை நேர்கோடு கெடாமல் எடுக்கும் லென்ஸ் என்று ஒன்று இருக்கவே முடியாது.

மீன்கண் லென்ஸ் வேறு விதியை எடுத்துக்கொள்கிறது. அதில் பொதுவான ஒரு வகையில், தூரம் கோணத்துக்கு நேர்விகிதம். 60 டிகிரிக்கு 1.73 போக வேண்டிய இடத்தில் 1.05 போனால் போதும். 90 டிகிரிகூட 1.57-இல் அடங்கிவிடும். முகங்கள் அவ்வளவாக அகலாது, படத்தில் எல்லாம் இருக்கும். கோடுதான் வளையும். ஆக்‌ஷன் கேமரா செய்பவர்கள் அலைச்சறுக்கு வீரரையும் அலையையும் வானத்தையும் ஒரே சட்டத்தில் காட்ட நினைத்தார்கள், அதனால் இந்தப் பக்கம் போனார்கள். 1924-இல் ராபின் ஹில் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி முழு வானத்து மேகங்களையும் ஒரே படத்தில் எடுக்க இப்படி ஒரு லென்ஸ் வடிவமைத்தார். அவருக்குத் தேவை வானம் முழுக்க. கோடு வளைவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இது தெரிந்தே எடுத்த முடிவு. தெரியாமல் வரும் வளைவும் உண்டு. லென்ஸுக்குள் ஒளியைக் கட்டுப்படுத்தும் துவாரம் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியம். ஒற்றைக் குவிலென்ஸுக்கு முன்னால் துவாரம் இருந்தால் பேரல் வரும், பின்னால் இருந்தால் எதிர்ப்பக்கம் வளையும் பின்குஷன் வரும். துவாரத்துக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி கண்ணாடிகளை அமைத்தால் ஒன்று மற்றதை ரத்து செய்துவிடும். ஸைஸ் நிறுவனத்தின் பியோகான் லென்ஸ்கள் ஏறக்குறைய இந்த வழியில் போனவை, கட்டடப் படம் எடுப்பவர்கள் அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி இருக்கும், அது தூக்கி இறங்க இடம் வேண்டும், லென்ஸின் பின்பக்கம் சென்சாருக்கு அவ்வளவு கிட்டே வர முடியாது. அதனால் முன்னால் பெரிய குழிக்கண்ணாடி வைத்த அமைப்பு வந்தது. அந்தச் சமச்சீர் போனதும் பேரல் உள்ளே வந்தது.

---

ஆயர் ஈத்தாம் அக்கா

புரிகிறது. அப்போ குடும்பப் படத்துக்கு என்ன செய்வது?

---

இருபத்துநாலு மி.மீ.

கைப்பேசியில் ஜூமை 0.5-இல் போடாமல் 1-இல் வைத்து, நீங்கள் பின்னால் போங்கள். ஜெட்டியில் பின்னால் போக இடமில்லை என்றால் ஓரத்தில் ஆளை நிறுத்தாதீர்கள், தூணோ படகோ இருக்கட்டும். தூண் கொஞ்சம் அகன்றால் யாருக்கும் தெரியாது.

---

பட்டர்வொர்த் பையன்

அண்ணே, நான் சோதித்துப் பார்க்கலாம் என்று படவரியில் (இன்ஸ்டாகிராம்) ஒருவர் போட்ட படத்தை எடுத்தேன். முக்கா ஹெட் பக்கம், கடல் கோடு சரியாக நடுவில் இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நடு உயர்ந்துதான் இருக்கிறது! மையத்தில் கோடு நேராக இருக்கும் என்றீர்களே. அப்போ இது உண்மையான வளைவா?

---

இருபத்துநாலு மி.மீ.

தம்பி, நடுவில் இருப்பது இப்போது உங்கள் கைக்கு வந்த படத்தின் நடுவில். எடுத்தபோது இருந்த முழுப்படத்தின் நடு எது என்று உங்களுக்குத் தெரியுமா? படவரிக்குச் சதுரமாகவோ நீளமாகவோ வெட்டித்தான் போடுவார்கள். கீழே மணலையோ பாறையையோ வெட்டியிருந்தால், மேல்பாதியில் வளைந்த கோடு இப்போது நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். காணொளியில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதுவும் ஒவ்வொரு நொடியும் வேறு வேறு இடத்தில் வெட்டும்.

அதனால் வெட்டாத மூலக் கோப்பு கையில் இல்லாமல் எந்தப் படத்தையும் வளைவுக்குச் சான்றாக எடுக்கக்கூடாது. இதில் நான் கறாராகத்தான் இருப்பேன். அறிவியலுக்குச் சாதகமான படமாக இருந்தாலும் சரி, உலகம் தட்டை என்று காட்டுகிற படமாக இருந்தாலும் சரி.

மூலக் கோப்பிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஜேபெக் கோப்பு பெரும்பாலும் கேமராவே வளைவைத் திருத்திய பிறகு வருவது. அதே படத்தின் ரா கோப்பை (சென்சாரில் பதிந்தபடியே இருப்பது), திருத்தம் அணைத்துவிட்டு டார்க்டேபிள் என்ற செயலியில் திறந்தால் வளைந்திருக்கும். லென்ஸுக்கு லென்ஸ் திருத்தக் கணக்கு வேறு. மையத்துக்குக் கிட்டே ஒரு பக்கம் வளைந்து ஓரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும் லென்ஸ்களும் உண்டு. மீசை டிஸ்டார்ஷன் என்பார்கள், எளிய திருத்தம் அதற்கு எடுபடாது.

உங்கள் ஸ்கேல் சோதனைக்கு இன்னும் நல்ல வழி சொல்கிறேன். படத்தைத் திருத்தும் செயலியில் நீள அகல விகிதப் பூட்டை எடுத்துவிட்டு, அகலத்தை மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருக்குங்கள், உயரத்தைத் தொடாதீர்கள். 4000 பிக்சல் அகலம் 400 ஆகும். கோட்டின் நடுவுக்கும் முனைக்கும் இருந்த வித்தியாசம் அப்படியே இருக்கும், ஆனால் குறுகிய இடத்தில். கண்ணுக்கே தெரியாத 10 பிக்சல் வளைவு அப்போது பளிச்சென்று தெரியும். கோடு சாய்ந்திருந்தால் முதலில் இரண்டு முனையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் சுருக்குங்கள்.

---

கடாரத்தான்

சுங்கை பட்டாணியிலிருந்து எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு கவலை. என் அண்ணன் மகன் உலகம் தட்டை என்கிற காணொளிகளை நம்பிக்கொண்டிருக்கிறான். 'கடற்கரைப் படத்தில் வளைவு லென்ஸால் வருவது, உலகத்தின் பங்கு அரை பிக்சல்' என்று இங்கே எழுதியதை அவனிடம் காட்டினால், பார்த்தீர்களா நான் சொன்னதுதானே என்பான். அவனுக்கு என்ன பதில்?

---

பழைய சர்வேயர்

கடாரத்தாரே, உங்கள் ஊர் மலைதான் பதில். குனோங் ஜெராய்.

இடமிருந்து வலமாக வளைவைத் தேடுவது, கடற்கரையில் நிற்பவருக்கு ஆகாத காரியம். அரை பிக்சலை எந்தக் கேமராவிலும் நம்ப முடியாது. முன்னும் பின்னுமாகத் தேடுங்கள். அங்கே வளைவு மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

பத்து ஃபெரிங்கி மணலிலிருந்து ஜெராய் உச்சி சுமார் 40 கிலோமீட்டர், பார்வை போகும் வழியில் பெரும்பகுதி கடல். மலையின் உயரம் 1,217 மீட்டர். 2 மீட்டர் கண் உயரத்தில் அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. மீதி 35 கிலோமீட்டருக்கு உலகம் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கணக்குப்படி அந்தத் தூரத்தில் 95 மீட்டர் உயரம் வரை உள்ளது மறைய வேண்டும். காற்றின் ஒளிவிலகலைச் சேர்த்தால் 80-க்குப் பக்கம் வரும். தெளிவான நாளில் பாருங்கள்: மலை கடலிலிருந்து நேராக எழுந்து நிற்பதுபோலத் தெரியும். அதன் அடிவாரத்து வயல்களோ தஞ்சோங் டாவாய் கரையின் படகுகளோ தெரியாது. நல்ல தொலைநோக்கியில் பார்த்தாலும் தெரியாது. தூரம்தான் காரணம் என்றால் தொலைநோக்கி கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் அண்ணன் மகனை ஜார்ஜ் டவுன் கொம்தார் கோபுரத்தின் உச்சிக்குக் கூட்டிப் போய் அதே மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். 200 மீட்டருக்கு மேல் ஏறியதும் அடிவானம் 50 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போய்விடும், மலைக்கு அப்பால். கீழே மறைந்திருந்த கரை வெளியே வந்துவிடும். தட்டையான உலகத்தில் உயரே ஏறுவதால் இப்படி அடிவாரம் முளைக்காது.

பழங்காலத்தில் வங்கக் கடல் தாண்டிக் கடாரத்துக்கு வந்த மாலுமிகளுக்கு இந்த மலைதான் அடையாளம் என்பார்கள். அவர்கள் கண்ணில் முதலில் பட்டது உச்சி, கரை பின்னால்தான் வந்திருக்கும். இதற்குக் கேமராவும் வேண்டாம், லென்ஸ் திருத்தமும் வேண்டாம்.

---

கடாரத்தான்

சின்ன வயதிலிருந்து பார்க்கிற மலை, இப்படி ஒருநாளும் யோசித்ததில்லை ஐயா. அவனை அடுத்த மாதம் கூட்டி வருகிறேன்.

---

பட்டர்வொர்த் பையன்

விமான ஜன்னலில் எடுத்தால்? கோலாலம்பூரிலிருந்து வரும்போது எடுக்கலாமா?

---

பழைய சர்வேயர்

கோலாலம்பூர் – பினாங்கு குறுகிய பயணம், நீண்டதூர விமானத்தின் உயரத்துக்கு ஏறுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். நீண்ட பயணத்தில் முயலுங்கள். டேவிட் லிஞ்ச் என்பவர் 2008-இல் அப்ளைட் ஆப்டிக்ஸ் இதழில் இதைப்பற்றி எழுதினார். கண்ணால் வளைவை உணர ஏறக்குறைய 35,000 அடி உயரம் வேண்டும், 60 டிகிரி அகலக் காட்சி வேண்டும், மேகம் அதிகம் இருக்கக்கூடாது என்பது அவர் முடிவு. படங்களை நம்பும்போது பேரல் டிஸ்டார்ஷன் குறித்து எச்சரிக்கை வேண்டும் என்றும் சொல்கிறார். ஜன்னல் சின்னது, 60 டிகிரி கிடைப்பது கடினம். அந்த அக்ரிலிக் பலகையும் லேசாக வளைந்தது, அதுவும் தன் பங்குக்குக் கோட்டை நெளிக்கும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் புகைமூட்டம் இருக்கும் மாதங்களில் அடிவானமே தெரியாது. மேகத்தின் விளிம்பைக் கடல் கோடு என்று நினைத்து அளந்துவிடாதீர்கள்.

---

ஆயர் ஈத்தாம் அக்கா

கைப்பேசி பனோரமாவில் பினாங்குப் பாலம் வில்லாக வளைந்துவிடுகிறதே, அதுவும் இதேதானா?

---

இருபத்துநாலு மி.மீ.

அது வேறு, அக்கா. பனோரமாவில் காட்சி ஓர் உருளையின் உட்புறத்தில் ஒட்டப்பட்டு, பிறகு விரிக்கப்படுகிறது. கைப்பேசியை மட்டமாகப் பிடித்துச் சுற்றினால் கண் மட்டத்தில் இருக்கும் அடிவானம் நேராக இருக்கும். அதற்கு மேலோ கீழோ இருக்கும் நேர்கோடுகள் வளையும். கைப்பேசியைச் சாய்த்தபடி சுற்றினால் அடிவானமே அலையாகிவிடும். பாலத்தை நேர்கோட்டுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். குறிப்பாக 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தை வளைவாகவே கட்டியிருக்கிறார்கள். அதில் லென்ஸ் எது, பாலம் எது என்று பிரிக்க முடியாது.

---

பூங்கா டீச்சர்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கரும்பலகை விளிம்பை வைத்துக் குனிந்து நிமிரும் சோதனையை நேற்று வகுப்பில் செய்தோம். கோடு நடுவைத் தாண்டும்போது நேராவதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தியே விட்டார்கள். அடுத்து அவர்களைக் கொடிமலைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறேன். அங்கே அந்த 10 பிக்சலை அவர்களே அளக்க முடியுமா? சர்வேயர் ஐயா சொன்ன 0.85 டிகிரி இறக்கத்தையும் கேமரா இல்லாமல் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

---

இருபத்துநாலு மி.மீ.

10 பிக்சலுக்கு நான் கேமராவும் முக்காலியும் கொண்டுவருகிறேன் டீச்சர். முறை இது: கடல் கோட்டை மையத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஒரு படம், அதே அளவு கீழே வைத்து ஒரு படம். லென்ஸின் பங்கு ஒன்றில் கூட்டும், மற்றதில் கழிக்கும். இரண்டிலும் கிடைத்த வளைவைச் சேர்த்துப் பாதியாக்கினால் லென்ஸ் ஏறக்குறைய ரத்தாகி, மிஞ்சுவது உலகத்தின் பங்கு. கேமராவில் திருத்தம் அணைத்திருக்க வேண்டும், படத்தை வெட்டக்கூடாது. கர்ட்டிஸ் கிரெஸ்ட் நடைபாதையில் மேற்குப் பக்கம் கடல் நன்றாகத் திறந்திருக்கும். மரம் மறைக்காத நீண்ட கடல் கோடு வேண்டும் என்றால் அங்கேதான்.

---

பழைய சர்வேயர்

இறக்கத்துக்குக் கொத்தனார் வேலையில் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் மேல்நோக்கி வளைத்து, ஒரு மீட்டர் நீளப் பலகையின் இரு முனையிலும் கட்டிவிடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் ரோஸ் சிரப் கலந்தால் மட்டம் நன்றாகத் தெரியும். குழாயில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது, இருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

பலகையைக் கடலைப் பார்த்து நீட்டி, கிட்டே இருக்கும் தண்ணீர் மட்டத்தையும் தூரத்தில் இருக்கும் தண்ணீர் மட்டத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். அந்தக் கோடு கடல் கோட்டைத் தொடாது, அதற்கு மேலே வானத்தில் போய் முட்டும். தூரத்துக் குழாயில் ஒரு ஸ்கேலைக் கட்டி வைத்தால், கடல் கோடு தண்ணீர் மட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே தெரிகிறது என்று வாசிக்கலாம். ஒரு மீட்டருக்கு 15 மி.மீ. வர வேண்டும், ஒளிவிலகலால் 13, 14 வந்தாலும் சரி. இதே சோதனையைப் பத்து ஃபெரிங்கியில் செய்தால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இரண்டு இடத்திலும் செய்யச் சொல்லுங்கள், வித்தியாசத்தைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும்.

பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி பஞ்சாபில் நந்தனா கோட்டை மலையிலிருந்து இந்த இறக்கத்தைத்தான் அளந்து உலகத்தின் ஆரத்தைக் கணக்கிட்டார். உங்கள் மாணவர்களுக்கு டேன்ஜென்ட் இன்னும் வந்திருக்காது. விகிதத்தை வைத்தே கணக்குப் போடும் வழி ஒன்றை எழுதி அனுப்புகிறேன்.

காலையில் முதல் ரயிலிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கடல் பக்கம் வெள்ளையாகிவிடும், கோடு பிடிபடாது. பலகையும் குழாயும் என்னிடம் இருக்கின்றன, கீழ் நிலையத்துக்கு எடுத்து வருகிறேன்.